மெட்லோவிச் வழக்கு: வாசகர் வட்டப் பேச்சுக்கு உதவி

சுங்கை சிப்புட் வாசகர்:
வணக்கம். எங்கள் தோட்டத்து வாசகர் வட்டத்தில், தன்பாலீர்ப்பாளர் என்பதற்காக அமெரிக்க விமானப்படை வெளியேற்றிய வீரர் லியோனார்ட் மெட்லோவிச் பற்றி 15 நிமிடம் பேச வேண்டும். 1980இல் வழக்கில் ஜெயித்தார் என்கிறார்கள். அப்புறம் எப்படி அமெரிக்க ராணுவத்தில் தன்பாலீர்ப்பாளர்களுக்கு இருந்த தடை 2011 வரைக்கும் நின்றது? கேட்க வருபவர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்ற பால்மரத் தொழிலாளர்கள்.

பழைய கிராணி:
முடிச்சு விமானப்படை விதியிலேயே இருக்கிறது ஐயா. தன்பாலீர்ப்பாளர்களை வெளியேற்றச் சொன்ன அதே விதி, அசாதாரணமான நிலையில் வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னது. எது அசாதாரணம் என்பதற்கு விளக்கம் கிடையாது. இவரோ மூன்று முறை வியட்நாம் போனவர், 12 ஆண்டுச் சேவை, வெண்கல நட்சத்திரம், ஊதா இதயப் பதக்கம். இவருக்கே பொருந்தாத விலக்கு யாருக்குப் பொருந்தும்? 1978இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் காரணத்தை விளக்கச் சொன்னது. படையால் சரியாக விளக்க முடியவில்லை. அதனால்தான் 1980 செப்டம்பரில் நீதிபதி கெசல் அவரைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டார். தடையே செல்லாது என்று தீர்ப்பில் இல்லை. பலரும் வழுக்கி விழுகிற இடம் இதுதான்.

திரும்பிப் போனாலும் வேறொரு காரணம் காட்டி அனுப்பிவிடுவார்கள், உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றால் பின்னால் வருகிற எல்லாருக்கும் அடி என்று நினைத்தார். ஆகவே படைக்குத் திரும்பாமல் 160,000 டாலர் இழப்பீட்டுக்குச் சம்மதித்தார். விலைபோய்விட்டார் என்று யாராவது சொன்னால் விட்டுவிடாதீர்கள்.

லயத்துப் பிள்ளை:
பேச்சை 1975 மார்ச் 6இல் தொடங்குங்கள் அண்ணே. வர்ஜீனியாவில் லாங்லி விமானப்படைத் தளம். இன உறவு பற்றி வீரர்களுக்குப் பாடம் நடத்தியவர், தான் தன்பாலீர்ப்பாளர் என்று எழுதிய கடிதத்தை மேலதிகாரியிடம் நீட்டுகிறார். இதற்கு என்ன அர்த்தம் என்று அவர் கேட்க, பள்ளிகளில் கறுப்பினப் பிள்ளைகளைப் பிரித்து வைத்ததை முறியடித்த 1954 வழக்கின் பெயரைப் பதிலாகச் சொல்கிறார். கடிதம் திடீரென்று வந்ததல்ல. தடையை நீதிமன்றத்தில் எதிர்க்கப் பொருத்தமான ஒரு வீரருக்காகக் காத்திருந்த தன்பாலீர்ப்பாளர் உரிமைப் போராளி ஃபிராங்க் கேமனியோடு பேசித் திட்டமிட்டது. கேமனியும் இரண்டாம் உலகப் போர் வீரர், 1957இல் இதே காரணத்துக்காக அரசு வேலையை இழந்தவர்.

விசாரணையில், இனி அப்படி நடக்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் இருக்கலாம் என்றார்கள். மறுத்துவிட்டார். பெரட்டில் (காலை ஆள்கணக்கில்) பெயர் வெட்டினால் வேலையோடு லயத்து வீடும் போகும் என்று அறிந்தவர்களுக்கு, அந்த மறுப்பின் கனம் சொல்லாமலே புரியும்.

பழைய கிராணி:
கல்லறை வாசகத்தை மொழிபெயர்க்கும்போது கவனம். 'படையில் இருந்தபோது இரண்டு ஆண்களைக் கொன்றதற்குப் பதக்கம் தந்தார்கள், ஓர் ஆணை நேசித்ததற்கு வெளியேற்றினார்கள்.' 'எதிரிகளை' என்றோ 'ஒருவரை' என்றோ எழுதினால் வாசகம் செத்துப்போகும். இரண்டு இடத்திலும் 'ஆண்' வர வேண்டும், தமிழில் 'ஒருவர்' அதை மறைத்துவிடும். வாஷிங்டன் காங்கிரஸ் கல்லறைத் தோட்டத்தில் உள்ள அந்தக் கறுப்புக் கல்லில் பெயர் முன்னே நிற்கவில்லை, 'தன்பாலீர்ப்புள்ள ஒரு வியட்நாம் வீரர்' என்பதுதான் நிற்கிறது. தன்னைப் போன்ற எல்லா வீரர்களுக்கும் நினைவாக இருக்கட்டும் என்று 1988இல் இறப்பதற்கு முன்பே அவர் செய்த ஏற்பாடு அது.