சிஏ 19-9 என்ற, கணையப் புற்றுநோய்க்குப் பார்க்கும் ரத்தப் பரிசோதனையின் எண்ணைப் பார்த்துப் பதறியவர்கள் இருந்தால் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

மேலூரிலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்குக் கண் மஞ்சளாகி, ராத்திரியெல்லாம் அரிப்பு. ஊர் வழக்கப்படி கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தும் இறங்கவில்லை. மதுரைக்குக் கூட்டிப்போய் ஸ்கேன் எடுத்தால், கணையத்தின் தலைப்பகுதியில் கட்டி. அது பித்தக்குழாயை நெருக்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கே எடுத்த ரத்தத்தில் சிஏ 19-9 அளவு 1,460. பக்கத்திலேயே 'இயல்பு: 37 வரை' என்று அச்சடித்திருந்தார்கள். சித்தப்பா அந்த ரிப்போர்ட்டைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டார். சாயங்காலத்துக்குள் அத்தைமார் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

மறுநாள் அறுவை சிகிச்சை டாக்டர் அந்தத் தாளை ஓரமாக வைத்துவிட்டு, "காமாலை இருக்கும்போது எடுத்த எண்ணை வைத்து எதையும் முடிவு பண்ணாதீங்க. பித்தம் அடைத்தாலே இது ஏறும், வெறும் கல் அடைப்புக்குக்கூட ஏறும்" என்றார். பித்தக்குழாயில் ஸ்டென்ட் (அடைப்பைத் திறந்து வைக்கும் சின்னக் குழாய்) வைத்து, பிலிரூபின் (காமாலையில் ஏறும் மஞ்சள் நிறமி) இறங்கிய பிறகு திரும்ப எடுத்தோம். 290. கட்டி அப்படியேதான் இருந்தது, அடைப்புதான் விலகியிருந்தது. இதை யாராவது முதல் நாளே சொல்லியிருந்தால் அம்மா அத்தனை நாள் சாப்பிடாமல் கிடந்திருக்க மாட்டார்.

அப்புறம் கணையத்தின் தலைப்பகுதியை எடுக்கும் விப்பிள் அறுவை சிகிச்சை, கீமோ. ஆபரேஷனுக்குப் பின் எண் 37-க்குக் கீழே வந்தது நல்ல அறிகுறி என்றார் டாக்டர். இறங்காமலே நின்றால் எங்கேயோ மிச்சம் இருக்கலாமாம். இறங்கிய எண் மறுபடி ஏறிக்கொண்டே போனால், ஸ்கேனில் தெரிவதற்கு முன்பே நோய் திரும்புவதைக் காட்டவும் கூடுமாம். அதனால் ஒரு தாளை மட்டும் பார்க்காமல், எல்லா ரிப்போர்ட்டையும் தேதி வாரியாகக் கோத்து வைத்திருக்கிறேன்.

திருமங்கலத்திலிருந்து பதில்:

அண்ணே, எங்கள் மாமியாருக்கு நேர் எதிர். எண் வெறும் 4. "கேன்சர் இல்லை" என்று எல்லோரும் நிம்மதியானோம். ஆனால் முதுகுவலி விடவில்லை, எடை குறைந்துகொண்டே போனது, அறுபது வயதுக்கு மேல் புதிதாகச் சர்க்கரை வேறு. பயாப்ஸியில் கணையப் புற்றுநோய் என்று வந்தது. நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு லூயிஸ் என்ற ரத்த வகைக் கூறு இல்லாததால், நோய் முற்றினாலும் இந்த எண் ஏறாதாம். அவர்களுக்கு ஸ்கேனைத்தான் நம்ப வேண்டும் என்றார்கள். ஆரோக்கியமாக இருப்பவர்கள் சும்மா இந்த டெஸ்ட்டை எடுத்துப் பார்ப்பதில் பயனில்லை என்றும் சொன்னார்கள்.

அப்பாவுக்கு அடுத்த முறையும் அதே லேபிலேயே எடுங்கள் அண்ணே. லேப் பயன்படுத்தும் பரிசோதனை கிட் மாறினால் எண்ணும் மாறும், முந்தைய ரிப்போர்ட்டோடு ஒப்பிட முடியாது.