பெட்டாவின் துடுப்பழுகலுக்குத் தேயிலை மர எண்ணெய் ஊற்றலாமா?

வெள்ளிவால்:
வணக்கம். என்னிடம் 12 லிட்டர் தொட்டியில் ஒரு நீல நிற ஆண் பெட்டா (சண்டை மீன்) இருக்கிறது. பத்து நாட்களுக்கு முன் அதன் வால் துடுப்பின் ஓரம் தீயில் கருகியது போலக் கறுத்து, ஆங்காங்கே அரித்துப்போகத் தொடங்கியது. துடுப்பழுகல் என்று சொல்லி, தேயிலை மர எண்ணெய் கலந்த மீன் மருந்துத் திரவம் ஒன்றை நண்பர் கொடுத்தார். மூன்று நாட்களாக ஊற்றி வருகிறேன். முன்பெல்லாம் எப்போதாவது மேலே வந்து ஒரு வாய் காற்றைக் குடித்துவிட்டுப் போகும் மீன், இப்போது நிமிடத்துக்கு நான்கைந்து முறை வருகிறது. மேல்நீரைத் தொட்டதும் தலையை உதறிக்கொண்டு இறங்கி, துடுப்புகளை ஒடுக்கி இலையின் மேல் படுத்துக்கொள்கிறது. விளக்கைப் போட்டுச் சாய்வாகப் பார்த்தால் நீரின் மேல் வானவில் நிறத்தில் மெல்லிய படலம் தெரிகிறது. இது நோயின் குறியா, மருந்தின் குறியா?

நீர்க்கோழி:
மருந்தின் குறி என்றே நான் கருதுகிறேன்; இன்றே நிறுத்திவிடுங்கள். பெட்டா மற்ற மீன்களைப் போலச் செவுளை மட்டும் நம்பி வாழும் மீன் அல்ல. செவுள்களுக்கு மேலே, தலைக்குள் இருக்கும் ஓர் அறையில், இரத்தக் குழாய்கள் நிறைந்த மடிப்பு மடிப்பான லேபிரிந்த் உறுப்பு இருக்கிறது. வாயால் விழுங்கிய காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுப்பது அதுதான். மேலே வரவிடாமல் தடுத்தால், நல்ல நீரிலேயே பெட்டா மூச்சுத் திணறிச் சாகக்கூடும். அப்படிப்பட்ட மீனின் தொட்டியில் எண்ணெய் மிதந்தால், அது இழுக்கும் ஒவ்வொரு மூச்சும் அந்தப் படலத்தைக் கிழித்துக்கொண்டுதானே உள்ளே போக வேண்டும்?

மூன்றாம்தொட்டி:
இந்த வாதத்தைப் பல இடங்களில் படித்திருக்கிறேன். கேட்பதற்குப் பொருத்தமாக இருப்பதே அதன் பலம், ஆனால் லேபிரிந்த் உறுப்பில் எண்ணெய் படிந்திருந்ததை இறந்த மீனை அறுத்துப் பார்த்துச் சொன்னவர் ஒருவரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை. சொல்பவர்கள் எல்லோரும் ‘மருந்து ஊற்றினேன், மீன் இறந்தது’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மருந்து ஊற்றும் நிலைக்கு வந்த மீன் ஏற்கெனவே நோயுற்ற மீன் என்பதை மறந்துவிடுகிறார்கள். மேலும், மீன்களுக்கென்று விற்கும் திரவத்தில் எண்ணெய் நீரோடு கலக்கும்படி செய்யப்பட்டிருக்கும். பொதுவாக அதில் எண்ணெயின் அளவு 1 சதவீதம்தான், பெட்டாவுக்கென்றே வருவதில் அதைவிடவும் குறைவு. நான் சில பெட்டாக்களுக்கு இதை ஊற்றியிருக்கிறேன். ஒன்றுகூட இதனால் இறக்கவில்லை. கிழிந்த துடுப்பு ஆறுவதற்கு மென்மையான ஒரு துணை மருந்து இது என்பதே என் அனுபவம்.

நீர்க்கோழி:
மென்மையான மருந்து என்பதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1 சதவீதத் திரவத்தை 38 லிட்டருக்கு 5 மில்லி என்ற வழக்கமான அளவில் ஊற்றினால், அதில் உள்ள எண்ணெய் 0.05 மில்லி, அதாவது தொட்டி நீரில் பத்து லட்சத்தில் 1.3 பங்கு. துடுப்பழுகலுக்குக் காரணமாகச் சொல்லப்படும் பாக்டீரியாப் பேரினங்களில் ஒன்று சூடோமோனாஸ். மனிதரைத் தாக்கும் அதன் இனமான ஏருஜினோசா ஆய்வகக் குழாயில் வளராமல் தடுக்கத் தேயிலை மர எண்ணெய் 1 முதல் 8 சதவீதம் வரை தேவைப்பட்டிருக்கிறது. இந்த எண்ணெய்க்கு அதைவிட எளிதில் அடங்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியாவுக்கே 0.5 முதல் 1.25 சதவீதம் வேண்டும். தொட்டியில் இருப்பது 0.00013 சதவீதம். ஏழாயிரம் மடங்குக்கும் மேலான இந்த இடைவெளியை ‘மென்மை’ என்ற சொல் எப்படி நிரப்பும்?

மூன்றாம்தொட்டி:
நண்பரே, நீங்களே உங்கள் முதல் பதிவை வெட்டிவிட்டீர்கள். பாக்டீரியாவைத் தொடக்கூட முடியாத அளவுக்கு நீர்த்தது என்றால், அதே நீர் பெட்டாவின் மூச்சை அடைக்கும் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? மருந்தாக வேலை செய்யாது, நஞ்சாக மட்டும் வேலை செய்யும் என்று இரண்டையும் ஒரே கையில் பிடிக்க முடியாது. பயனில்லை என்று சொன்னால் ஓரளவு ஒத்துக்கொள்கிறேன். கொல்லும் என்பதை ஏற்க மாட்டேன்.

ஓடைக்கல்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். தேயிலை மரம் என்றால் நாம் குடிக்கும் தேயிலைதானே? அப்படியென்றால் வீட்டில் உள்ள தேயிலையையே ஊறவைத்து ஊற்றலாமே. முகப்பருவுக்கு வைத்திருக்கும் சின்னப் புட்டி ஒன்றும் என்னிடம் இருக்கிறது. அதில் ஒரே ஒரு சொட்டு விட்டால் போதாதா?

நீர்க்கோழி:
இரண்டும் வேண்டாம். நாம் குடிக்கும் தேயிலை கமேலியா சைனென்சிஸ் என்ற செடி. இந்த எண்ணெய் வருவது ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மெலலூகா ஆல்டர்னிஃபோலியா என்ற மரத்தின் இலையிலிருந்து. பெயரைத் தவிர இரண்டுக்கும் உறவே கிடையாது. அந்தச் சின்னப் புட்டியில் இருப்பது பெரும்பாலும் நீர்க்காத தூய எண்ணெயாகத்தான் இருக்கும். ஒரு சொட்டு என்பது ஏறத்தாழ 0.05 மில்லி. மேலே போட்ட கணக்கோடு வைத்துப் பாருங்கள்: 38 லிட்டர் தொட்டிக்கான முழு மருந்தும் அந்த ஒரு சொட்டில் அடங்கிவிடுகிறது, அதுவும் நீரோடு கலக்காமல் மேலேயே மிதக்கும். உங்கள் மீன் 4 லிட்டர் பாத்திரத்தில் இருந்தால் ஒன்பது மடங்குக்கும் மேல்.

மூன்றாம்தொட்டி:
இதில் நான் நீர்க்கோழியின் பக்கம். தூய எண்ணெயைத் தொட்டியில் விடுவது எந்த மீனுக்கும் ஆபத்து. வாசனைத் திரவக் கடைப் புட்டியையும் மீன் மருந்தையும் ஒன்றாகப் பேசுவதால்தான் இந்த விவாதமே குழம்புகிறது.

நீர்க்கோழி:
சரி, இரண்டையும் ஒரே கையில் பிடிக்கிறேன் என்றீர்களே, அதற்கு வருகிறேன். நான் சொன்ன 1.3 பங்கு என்பது எண்ணெய் முழுத் தொட்டியிலும் சமமாகப் பரவியிருந்தால் வரும் சராசரி. வெள்ளிவாலின் தொட்டியில் அது சமமாகப் பரவவில்லை என்பதற்கு அவர் கண்ணால் பார்த்த வானவில் படலமே சான்று. பிரிந்து மேலே வந்த எண்ணெய் ஒரு நூலிழைத் தடிமனுக்கும் குறைவான அடுக்கில் சேர்ந்திருக்கிறது. அங்கே அதன் செறிவு சராசரியைவிடப் பன்மடங்கு இருக்கும். துடுப்பில் ஒட்டியிருக்கும் பாக்டீரியாவுக்கு அந்த அடுக்கோடு தொடர்பே இல்லை. காற்றுக்காக வாயைத் திறக்கும் பெட்டாவோ நேராக அதற்குள்தான் முகத்தை நுழைக்கிறது. இங்கே ஒரு கசப்பான வேடிக்கையும் இருக்கிறது: நீரில் ஆக்சிஜன் குறைந்தால் மற்ற மீன்கள் துடிக்கும்போது பெட்டா தாக்குப்பிடிக்கும்; மேற்பரப்பு கெட்டாலோ முதலில் மாட்டிக்கொள்வது அதுதான். லேபிரிந்த் உறுப்பு நிரந்தரமாகப் பாழாகிறது என்று சொன்னால் அது மிகைதான். அந்த இடத்தில் நீங்கள் சொல்வது சரி, நானும் யாரும் அறுத்துப் பார்த்ததைக் காணவில்லை. எரிச்சலூட்டுகிறது என்ற அளவில் நிற்கிறேன்.

மூன்றாம்தொட்டி:
எரிச்சல் என்றால் விவாதிக்க இடமிருக்கிறது. ஆனால் அந்தப் படலம் எண்ணெய்தானா? வடிகட்டி மெதுவாக ஓடும் பெட்டா தொட்டிகளில், மிஞ்சிய உணவின் கொழுப்பாலும் பாக்டீரியாவாலும் இதே போன்ற ஏடு கட்டும். வெள்ளிவால் அவர்களே, நீங்கள் ஊற்றிய அளவையும், மீன் கழிவிலிருந்து நீரில் சேரும் நஞ்சான அம்மோனியா எவ்வளவு என்பதையும் சொல்லுங்கள். அந்த இரண்டும் தெரியாமல் நாங்கள் காற்றில் கத்தி வீசிக்கொண்டிருக்கிறோம்.

வெள்ளிவால்:
அளந்து பார்த்தேன். அம்மோனியா லிட்டருக்கு 0.5 மில்லிகிராம், அது மாறி உண்டாகும் நைட்ரைட் இல்லை. நீரின் வெப்பநிலை 26 டிகிரி. மருந்தைப் பொறுத்தவரை, சொல்லவே வெட்கமாக இருக்கிறது: நண்பர் கொடுத்தது 1 சதவீதப் புட்டி, அதன் மூடியில் 5 மில்லி கோடு இருந்ததால், நாள்தோறும் ஒரு மூடி ஊற்றினேன். அது 38 லிட்டருக்கானது என்பதை இப்போதுதான் கவனித்தேன். மருந்து போடும்போது நீர் மாற்றக் கூடாது என்று நினைத்து, அந்த நாட்களில் நீரும் மாற்றவில்லை.

மூன்றாம்தொட்டி:
உங்கள் தொட்டிக்கு ஒரு வேளைக்கு ஏறத்தாழ ஒன்றரை மில்லி போதும். நீங்கள் மும்மடங்கு ஊற்றியிருக்கிறீர்கள், அதுவும் மூன்று நாள் சேர்ந்திருக்கிறது. அளவு மீறிய மருந்தை வைத்து மருந்தையே குற்றம் சொல்ல முடியாது. அதோடு, அம்மோனியா 0.5 என்றால் அந்த ஒன்றே செவுளை எரித்து மீனை மேலே துரத்தப் போதுமானது. துடுப்பு அழுகியதற்கும் வேர் அங்கேதான் இருக்கும்.

நீர்க்கோழி:
இந்தத் தவறு அவருடைய தவறு மட்டும் அல்ல. பெட்டா வளர்ப்பவர்களின் தொட்டி பெரும்பாலும் 5, 10, 20 லிட்டர்தான். மூடியின் கோடோ பெரிய தொட்டியை மனத்தில் வைத்துப் போடப்பட்டது. கைநடுக்கத்தில் கூடும் ஒரு மில்லி 200 லிட்டரில் காணாமல் போகும், 10 லிட்டரில் போகாது. அம்மோனியாவைப் பற்றி நீங்கள் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். அதனால்தான் கேட்கிறேன், வேர் நீரில் இருக்கும்போது மேலே எதற்காக எண்ணெய்?

வெள்ளிவால் அவர்களுக்கு, இன்று செய்ய வேண்டியது: உறிஞ்சும் வெள்ளைத் தாள் ஒன்றை நீரின் மேல் படுக்கவைத்து, ஓரத்தைப் பிடித்து மெல்ல இழுத்தெடுங்கள், படலம் தாளோடு வந்துவிடும். பிறகு குளோரின் நீக்கிய, அதே வெப்பநிலையில் உள்ள நீரால் பாதியை மாற்றுங்கள். வடிகட்டியில், மிஞ்சிய மருந்தை உறிஞ்சும் கார்பன் (கரி) போடுங்கள். நாளை மறுபடியும் அளந்து, அம்மோனியா காட்டினால் மறுபடியும் மாற்றுங்கள்.

மூன்றாம்தொட்டி:
இதில் எனக்கு மறுப்பில்லை. கறுப்பு உடலை நோக்கி ஏறினாலோ, துடுப்பின் அடியில் சிவந்தாலோ மட்டும் காத்திருக்காதீர்கள்; அப்போது வேண்டியது எண்ணெயும் அல்ல, வெறும் நீரும் அல்ல, மீன்களைப் பார்க்கும் கால்நடை மருத்துவர் சொல்லும் பாக்டீரியாக் கொல்லி மருந்து.

வெள்ளிவால்:
பதினாறு நாட்களுக்குப் பின் எழுதுகிறேன். தாளில் படலம் வந்தது. தாளை முகர்ந்தபோது கற்பூரம் போன்ற வாடை அடித்தது. நீர் மாற்றிய அன்று மாலையே மீன் மேலே வருவது குறைந்துவிட்டது. அம்மோனியா நான்காம் நாள் பூஜ்யத்துக்கு வந்தது. இப்போது வாலின் கறுத்த ஓரத்துக்கு வெளியே கண்ணாடி போல நிறமற்ற மெல்லிய ஓரம் வளர்ந்திருக்கிறது, ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் இருக்கும். ஆண் பெட்டா முட்டைகளுக்காக நீரின் மேல் கட்டும் நுரைக்கூட்டையும் நேற்று கட்டியிருக்கிறது.

மூன்றாம்தொட்டி:
மகிழ்ச்சி. அந்த மூன்று நாள் மருந்துக்கும் இதில் ஒரு பங்கு இருக்கலாம் என்று நான் இன்னும் சொல்வேன்.

நீர்க்கோழி:
சொல்லுங்கள். கற்பூர வாடை அடித்த தாளை மட்டும் ஒருமுறை நினைத்துக்கொண்டு சொல்லுங்கள்.