78 வயதில் மீண்டும் கொலோனோஸ்கோபி தேவையா?

கேள்வி (ஏற்காடு):
என் அப்பாவுக்கு 78 வயதாகிறது. ஐந்து ஆண்டுகளுக்கு முன் அவருடைய பெருங்குடலிலிருந்து இரண்டு பாலிப்புகளை (உட்சுவரில் தோன்றும் சிறு சதை வளர்ச்சிகளை) அகற்றினார்கள். இரண்டும் 10 மில்லிமீட்டருக்குக் குறைவான அடினோமா, அதாவது நாளடைவில் புற்றுநோயாக மாறக்கூடிய வகை, என்று பயாப்சி (திசுப் பரிசோதனை) அறிக்கை கூறியது. சர்க்கரை நோயும் இதய நோயும் இருப்பதால், மீண்டும் கொலோனோஸ்கோபி செய்து பெருங்குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்காமல் மலப் பரிசோதனையோடு நிறுத்திக்கொள்ளலாமா?

பதில் (அஸ்தம்பட்டி):
முந்தைய பரிசோதனையில் குடல் சுத்தமாக இருந்து முழுவதும் பார்க்கப்பட்டிருந்தால், இத்தகைய ஒன்றிரண்டு சிறு அடினோமாக்களுக்கு 7 முதல் 10 ஆண்டுகள் இடைவெளி போதும் என்று அமெரிக்க வல்லுநர் குழு 2020இல் பரிந்துரைத்தது. ஐந்து முதல் பத்து வரையோ, 10 மில்லிமீட்டரோ அதற்குப் பெரிதாகவோ இருந்திருந்தால் மூன்றாண்டு. பிரிட்டன் வழிகாட்டியோ, ஏறத்தாழ 75 வயதைக் கடந்தவர்களுக்குத் தொடர் கண்காணிப்பைப் பொதுவாக வலியுறுத்துவதில்லை. அந்தப் பழைய அறிக்கையைத் தேடி எடுங்கள்; முடிவு அதில்தான் இருக்கிறது.

பதில் (ஆத்தூர்):
மலப் பரிசோதனை மறைந்த ரத்தத்தைக் கண்டறியும்; சிறு பாலிப்புகள் பெரும்பாலும் கசிவதில்லை என்பதால் அது கண்காணிப்புக்கு ஈடாகாது. குழாய்க்குப் பதிலாக சி.டி. ஸ்கேனில் குடலைப் படமெடுத்துப் பார்க்கும் முறையில் பாலிப்பை அகற்ற முடியாது. அதற்கும் குடலைச் சுத்தப்படுத்தும் பேதி மருந்து வேண்டும். மலத்தில் ரத்தம், ரத்தசோகை, எடைக்குறைவு தென்பட்டால் வயதைப் பாராமல் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.

பதில் (சூரமங்கலம்):
என் அம்மாவுக்குப் பரிசோதனையை விடப் பேதி மருந்துதான் பெரும்பாடாக இருந்தது. செய்வதென்று முடிவானால் முதல் நாளே சேலத்தில் தங்கிவிடுங்கள். அந்த மருந்தைக் குடித்துவிட்டு இருபது கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குவது இயலாத காரியம். ரத்தம் உறையாமைக்கான மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.