அல்லி கண் விழித்தபோது

சோழவந்தான் பக்கம் எங்கள் ஊர். நெல் அறுத்துக் களத்தில் அம்பாரம் போட்டுவிட்டால் ராத்திரி காவலுக்கு ஆள் படுக்க வேண்டும். பத்து வயதில் அப்பாவோடு போவேன். அங்கே ஒரு தாத்தா கதை சொல்வார். யாராவது ‘உம்’ கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும், உம் நின்றால் கதையும் நின்றுவிடும். அந்த வேலையை எனக்குக் கொடுத்தார்கள். எங்கே வெறும் உம், எங்கே ‘அடடா’, எங்கே ‘அப்புறம்?’ என்பதெல்லாம் ஏழெட்டு வருஷம் அப்படி உட்கார்ந்ததில் வந்ததுதான்.

அல்லி கதையை மட்டும் பிள்ளைகளை விரட்டிவிட்டுத்தான் சொல்வார். வைக்கோல் படப்புக்குப் பின்னால் படுத்து ஒட்டுக்கேட்டிருக்கிறேன். மதுரையை ஆண்ட அல்லிக்கு ஆண் வாடையே ஆகாது. அர்ச்சுனன் பாம்பாக உருமாறி அவள் கட்டிலுக்குப் போய், தூங்குகிறவள் கழுத்தில் தாலி கட்டிவிடுகிறான்.

இருபத்தைந்து வயதில் ஊர் மந்தையில் அதை நானே சொன்னேன். தாலி கட்டும் இடத்தை அர்ச்சுனன் சாமர்த்தியமாக, ஏற்ற இறக்கத்தோடு விவரித்தேன். ஆம்பளைகள் கைதட்டினார்கள். வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த ஓர் அப்பத்தா கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்: “ஏப்பா, காலையில அவ எந்திரிச்சுக் கழுத்தைத் தடவிப் பார்த்திருப்பாளே, அதை ஏன் சொல்லாமப் போற?”

என்னிடம் பதில் இல்லை. களத்தில் தாத்தா அந்த இடத்தில் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார். பீடி பற்றவைக்கத்தான் என்று நினைத்திருந்தேன்.

இப்போது எனக்கு அறுபது தாண்டிவிட்டது. அந்த இடம் வந்தால் பேச்சை நிறுத்திக் கையை மட்டும் மெல்லக் கழுத்துக்குக் கொண்டுபோவேன். கேட்கிற பெண்கள் சிலர் தங்கள் தாலியைத் தொட்டுப் பார்ப்பதைக் கவனித்திருக்கிறேன். அறுவடை மெஷின் வந்தபின் களத்துக் காவல் போய்விட்டது. ஆனால் கேட்க ஆள் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். கல்யாணத்துக்கு முந்தின ராத்திரியும், கேத வீட்டில் விடியவிடிய விழித்திருக்கும்போதும் இன்னும் கேட்கிறார்கள்.

*

ஐயா எழுதியதைப் படித்ததும் எங்கள் அம்மாச்சி ஞாபகம் வந்துவிட்டது. அவர் தேனூர்க்காரர். சித்திரைத் திருவிழாவில் அழகர் வைகை ஆற்றுக்கு வருவது மண்டூக முனிவருக்குச் சாபவிமோசனம் கொடுக்க என்பது கோயில் சொல்லும் கதை. தங்கச்சி மீனாட்சி கல்யாணத்துக்கு நேரமாகிவிட்ட கோபத்தில் திரும்பிப் போகிறார் என்பது சனங்கள் சொல்வது. அம்மாச்சி இதோடு இன்னொன்றும் சேர்ப்பார்: திருமலை நாயக்கர் மதுரைக்கு மாற்றும்வரை அழகர் தேனூர் ஆற்றில்தான் இறங்கினாராம். அதைச் சொல்லும்போது, பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய வீட்டுக்காரர் மாதிரி அவர் குரல் கம்மிவிடும். எனக்குப் பிள்ளை பிறந்த பிறகுதான் அந்தக் குரலில் சொன்னார். சின்ன வயதில் கேட்டது வெறும் திருவிழாக் கதைதான்.

அடுத்து அல்லி கதை எந்த ஊரில் சொல்கிறீர்கள் ஐயா? அம்மாச்சிக்கு எண்பத்திரண்டு வயது. கூட்டிக்கொண்டு வருகிறேன்.