விருந்தினருக்கு எழுதும் ஈமெயிலில் ‘வில் பி’ போட்டு ‘இங்’ எங்கே வரும்?

நிலாவெளி_ரிசெப்ஷன் (கேள்வி):

திருகோணமலையில் ஒரு சின்ன கெஸ்ட் ஹவுஸில் முன்பதிவு ஈமெயில்களுக்கு ஆங்கிலத்தில் பதில் எழுதுகிறேன். பியூச்சர் கண்டினியுவஸ் (‘வில் பி’யோடு ‘இங்’ சேர்ந்த வினை, எதிர்காலத்தில் நடந்துகொண்டிருக்கும் செயலுக்கு) எங்கே வேண்டும், எங்கே வெறும் ‘வில்’ போதும் என்பது குழப்பமாகவே இருக்கிறது. கீழே உள்ள நான்கும் நாங்கள் வழமையாக அனுப்பும் வசனங்கள். எது பிழை, ஏன் பிழை என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

(அ) “த டிரைவர் வில் பி வெயிட்டிங் வென் யூ வில் பி அரைவிங் அட் த ஸ்டேஷன்.”
(ஆ) “ஆல் ரூம்ஸ் வில் பி ஹேவிங் ஏசி.”
(இ) “த கிச்சன் வில் பி குளோசிங் ஃப்ரம் 10 பிஎம் டு 6 ஏஎம்.”
(ஈ) “வில் யூ ஹேவ் டின்னர் வித் அஸ்?” இதை வாசித்த ஒருவர், நாங்கள் விருந்துக்கு அழைக்கிறோம், சாப்பாட்டுக்குக் காசு இல்லை என்று விளங்கிக்கொண்டார்.

உவர்மலை_மிஸ்:

பிள்ளை, (அ)வில் முதல் பாதி சரி. ‘வில்’, அதன் பின் மாறாத ‘பி’, அதன் பின் ‘இங்’ சேர்ந்த வினை. அமைப்பு அவ்வளவுதான். பிழை பின் பாதியில் இருக்கிறது, அது தமிழிலிருந்து வருகிற பிழை. “நீங்கள் வந்து இறங்கும்போது டிரைவர் காத்துக்கொண்டு நிற்பார்” என்று மனதில் ஓடுகிறது. ‘இறங்கும்’ என்ற சொல்லிலேயே எதிர்காலம் இருப்பதால், ஆங்கிலத்திலும் அந்த இடத்தில் ‘வில்’ போடக் கை போகிறது. ஆங்கிலம் அப்படிச் செய்யாது. வென், வைல், பிஃபோர், ஆஃப்டர், அன்டில், ஆஸ் சூன் ஆஸ் ஆகியவை காலத்தைக் குறித்து ஒரு துணை வசனத்தைத் தொடங்கினால், அந்தத் துணை வசனம் நிகழ்காலத்திலேயே நிற்கும். எதிர்காலத்தை முதன்மை வினை மட்டும் சுமக்கும். “த டிரைவர் வில் பி வெயிட்டிங் வென் யூ அரைவ்.” ‘வைல்’ வந்தால் “வைல் யூ ஆர் ஸ்நோர்கெலிங்”, அங்கேயும் ‘வில் பி’ வேண்டாம்.

(ஆ)வுக்குத் தமிழையே உரைகல்லாக வைத்துக்கொள்ளலாம். “அறையில் ஏசி இருந்துகொண்டிருக்கும்” என்று யாரும் சொல்வதில்லை. இருப்பது நடந்துகொண்டிருக்கும் செயல் அல்ல, நிலை. ஆகவே “ஆல் ரூம்ஸ் ஹேவ் ஏசி”. எப்போதும் உள்ள வசதி என்பதால் எதிர்காலமே தேவையில்லை. நோ, பிலாங், கன்டெய்ன், காஸ்ட், இன்க்ளூட் எல்லாம் இதே இனம். “த பிரைஸ் வில் பி இன்க்ளூடிங் பிரேக்ஃபாஸ்ட்” என்று எழுதுவதும் பிழை, “இன்க்ளூட்ஸ் பிரேக்ஃபாஸ்ட்” போதும். ஆனால் ‘ஹேவ்’ சாப்பிடுவதைக் குறித்தால் அது செயல். அப்போது “அட் 8 தே வில் பி ஹேவிங் டின்னர்” மிகச் சரி: எட்டு மணிக்குச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

(இ)யில் ஒரு சொல்லின் வால்தான் பிரச்சினை. ‘குளோசிங்’ என்பது கதவைச் சாத்துகிற அந்தச் செயல். சாத்துவதற்கு எட்டு மணித்தியாலம் எடுக்காது. பத்திலிருந்து ஆறு வரை என்று கால நீளம் சொன்னால், அது மூடிக் கிடக்கும் நிலை: “வில் பி குளோஸ்ட்”. ஒரு நேரப்புள்ளி மட்டும் சொன்னால் “டுநைட் த கிச்சன் வில் பி குளோசிங் அட் 10” நன்றாகவே நிற்கும்.

துறைமுக_வீதி:

மிஸ் சொன்ன ‘வென்’ விதிக்கு ஒரு விலக்கு உண்டு, ஹோட்டல் ஈமெயிலில் அதுதான் அடிக்கடி வரும். “ப்ளீஸ் லெட் அஸ் நோ வென் யூ வில் பி அரைவிங்.” இது சரியான வசனம். இங்கே ‘வென்’ என்பது ‘வரும்போது’ அல்ல, ‘எப்போது வருவீர்கள்’ என்ற கேள்வி. எப்போது என்று விரித்துப் பார்க்க முடிந்தால் ‘வில்’ வரலாம். ‘போது’ என்று மட்டும் விரிந்தால் வரக்கூடாது.

(ஈ) பற்றி: “வில் யூ ஹேவ் டின்னர் வித் அஸ்?” அழைப்பாகவே கேட்கும், அந்த விருந்தினர் மேல் தவறில்லை. “வில் யூ பி ஹேவிங் டின்னர் வித் அஸ்?” என்று எழுதினால், உங்கள் திட்டம் என்ன என்று மட்டும் விசாரிக்கிறது. அழைப்பும் இல்லை, நெருக்குதலும் இல்லை. “வில் யூ பி பேயிங் பை கார்ட்?” என்பதும் அப்படித்தான். அதையே “வில் யூ பே பை கார்ட்?” என்றால், கார்ட்டில் கட்டுங்களேன் என்று கேட்பது போல ஆகிவிடும். இந்த இடத்தில் ‘கொண்டிருப்பீர்கள்’ உரைகல் உதவாது. தமிழில் நாம் “இரவுச் சாப்பாடு எங்களிடம்தானா?” என்று கேட்டுவிட்டுப் போய்விடுவோம்.

மறுப்பிலும் கவனம் வேண்டும். “த போட்மேன் வோன்ட் கம்” என்றால் அவர் வர மறுக்கிறார் என்றும் படிக்கலாம். வாடைக் காற்றுக் காலத்தில் கடல் கொந்தளித்துப் படகு போகாது என்ற செய்திக்கு “த போட் வில் நாட் பி கோயிங் டுமாரோ” பொருத்தம். யாரும் மறுக்கவில்லை, நிலைமை அப்படி.

ஆனால் வாக்குக் கொடுக்கும் இடத்தில் இந்தக் காலம் வேண்டாம். “ஐ வில் பி சென்டிங் த ரிஃபண்ட்” என்பது எப்போதாவது அனுப்புவோம் என்பது போல் தளர்ந்து நிற்கிறது. “ஐ வில் சென்ட் த ரிஃபண்ட் பை ஃப்ரைடே” என்றால் பிடிமானம் இருக்கிறது. பணம் சம்பந்தப்பட்ட எதற்கும் வெறும் ‘வில்’ போடுங்கள்.

நிலாவெளி_ரிசெப்ஷன்:

இருவருக்கும் மிக்க நன்றி. புறாத் தீவுப் பயணத்துக்கு இப்படி எழுதலாமா? “பை 8 த போட் வில் பி லீவிங். பிட்வீன் 9 அண்ட் 11 யூ வில் பி ஸ்நோர்கெலிங்.”

உவர்மலை_மிஸ்:

இரண்டாவது வசனம் அழகாக இருக்கிறது. ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் இடையில் எந்த நேரத்தில் பார்த்தாலும் நீந்திக்கொண்டிருப்பார்கள், இந்தக் காலம் இருப்பதே அதற்குத்தான். முதலாவதில் ‘பை’ இடிக்கிறது. ‘பை 8’ என்றால் எட்டு மணிக்குள் முடிந்துவிடும் என்று பொருள். முடிந்த செயலுக்கு “பை 8 த போட் வில் ஹேவ் லெஃப்ட்”: எட்டு மணிக்கு வந்தால் படகைக் காணமாட்டீர்கள். நீங்கள் சொல்ல நினைப்பது புறப்படும் நேரத்தைத்தானே? அப்படியென்றால் பஸ், ரயில் நேரசூசிக்கு எழுதுவது போல “த போட் லீவ்ஸ் அட் 8”. ஈமெயிலில் முழு நாளையும் ‘வில் பி’, ‘வில் பி’ என்று அடுக்கினால், எது நேரசூசி, எது நடந்துகொண்டிருப்பது என்று வாசிப்பவருக்குப் பிரித்தறிய முடியாமல் போகும்.

பலர் ‘வில் பி’ எழுத வேண்டிய இடத்தில், மரியாதைக்கு என்று ‘வுட் பி’ எழுதுகிறார்கள். “த டிரைவர் வுட் பி வெயிட்டிங்” என்றால், ஏதோ நிபந்தனை இருந்தால் காத்திருப்பார் என்ற சந்தேகம் வரும். இரவு ரயிலில் வந்து விடியற்காலையில் பெட்டியோடு இறங்குகிறவருக்கு அந்தச் சந்தேகத்தைக் கொடுக்கக்கூடாது.

துறைமுக_வீதி:

எழுத்துக்கூட்டல் ஒன்று விட்டுப்போனது. இலங்கையில் பிரித்தானிய முறைதான், ஆகவே டிராவலிங், ஸ்நோர்கெலிங் இரண்டிலும் ‘எல்’ எழுத்து இரண்டு. கணினி அதன் கீழே சிவப்புக் கோடு போட்டால், ஸ்பெல் செக் மொழி அமெரிக்க ஆங்கிலத்தில் இருக்கிறது. செட்டிங்ஸில் அதை பிரித்தானிய ஆங்கிலமாக மாற்றிவிட்டு மறுபடி பாருங்கள்.