பைரசிக்கு ஒரு சொல்: ‘இசைத் திருட்டு’ ஏன் போதவில்லை?

ம.செ. எழுதியது:

அன்புள்ள சொல்லாக்கக் குழுவினருக்கு,

காட்சித் தொடர்பியல் இரண்டாம் ஆண்டு மாணவர்கள் ஐந்து பேர் 12 நிமிட ஆவணப்படத்துக்குத் திட்டமிடுகிறார்கள். தமிழ்த் திரையிசையில் பைரசி, கேசட் காலம் தொடங்கி இன்றுவரை. பின்னணிக் குரல் வெள்ளிக்கிழமை மாலை பதிவாகிறது. எழுத்துப்படியில் ‘பைரசி’ 19 இடங்களில் வருகிறது.

முதல் வரைவில் எல்லா இடத்திலும் ‘இசைத் திருட்டு’ என்று போட்டிருந்தார்கள். வகுப்பில் வாசித்தபோது, ஒருவர் மெட்டை இன்னொருவர் எடுத்துக்கொள்வதைப் பற்றிய படம் என்றே பலர் புரிந்துகொண்டார்கள். அது வேறு படம்.

தேவை இவை. பைரசிக்குப் பொதுச்சொல் ஒன்று. அதன் வகைகளைப் பிரித்துக் காட்டும் சொற்கள்: சாதாரண பைரசி, கவுன்டர்ஃபீட் (அசல்போலவே செய்த போலி), பூட்லெக் (கச்சேரியை அனுமதியின்றிப் பதிவுசெய்தது). அடுத்தது ஸ்ட்ரீம் ரிப்பிங் (இணையத்தில் ஓடும் பாட்டைக் கோப்பாக இறக்கிக்கொள்வது). காதில் விழுந்தவுடன் புரிய வேண்டும், ஏனென்றால் குரலைப் பின்னோக்கி ஓட்டிக் கேட்க முடியாது. துணைத்தலைப்பில் வரிக்கு 32 எழுத்துதான் இடம்.

கு.வே. எழுதியது:

அம்மா, மாணவர்கள் குழம்பியதற்கு இலக்கணமே காரணம். ‘திருடு’ உயிர்த்தொடர்க் குற்றியலுகரம். ‘முரடு’ ‘முரட்டு’ ஆவதுபோல ஒற்று இரட்டித்துத் ‘திருட்டு’ ஆகிப் பெயருக்கு முன் நிற்கும். அந்தச் செயலின் பெயரும் ‘திருட்டு’தான். ஆகவே ‘திருட்டுப் பாட்டு’ என்றால் பாட்டே திருடியதா, பாட்டின் படி திருட்டுத்தனமாக விற்கப்பட்டதா என்று சொல் காட்டாது.

‘கள்ள’ என்ற அடையைப் பாருங்கள். கள்ளநோட்டு, கள்ளச்சந்தை, கள்ளச்சாவி, கள்ளச்சாராயம். ஆங்கிலத்தில் பூட்லெக் என்பதும் சாராயத்திலிருந்து இசைக்கு வந்த சொல்தான். தமிழில் அதே தடம் ஏற்கெனவே கிடக்கிறது. நகலுக்குப் ‘படி’ என்பது ஏட்டுச்சுவடிக் காலத்திலிருந்தே வழங்குகிறது: மூலப்படி, கையெழுத்துப்படி. சேர்த்தால் ‘கள்ளப்படி’.

மெட்டுத் திருட்டுக்கும் நம்மிடம் பழைய சொல் உண்டு. பிறர் பாட்டைத் தன் பாட்டென்று சொல்பவரைப் பாட்டியல் நூல்கள் (செய்யுள் வகைகளைப் பேசும் இலக்கண நூல்கள்) ‘கள்ளக்கவி’ என்கின்றன. கள்ளக்கவி வேறு, கள்ளப்படி வேறு. அழகாகப் பிரிகிறது.

கூடுதலாக ஒன்று. ‘பைரேட்’ என்ற சொல்லின் வேர் நம் ‘பறி’ என்பதே என் துணிபு. பறித்தல், வழிப்பறி, பறிமுதல்.

தி.ரா. எழுதியது:

ஐயா, அந்தச் சொல் கிரேக்கத்தில் ‘முயல், தாக்க முனை’ என்ற வினையிலிருந்து வந்தது. ‘பறி’யை விட்டுவிடுவோம், வெள்ளிக்கிழமைக்கு அது உதவாது.

சொல் தேடும் முன் செயல்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். மாணவர்கள் ஒரே சொல்லில் அடக்கப் பார்ப்பவை உண்மையில் ஐந்து தொழில்கள்.

முதலாவது, ரெக்கார்டிங் சென்டர். வாடிக்கையாளர் பாட்டுப் பட்டியல் எழுதித் தருவார். கடைக்காரர் எல்பி தட்டிலிருந்தோ கேசட்டிலிருந்தோ வெற்று நாடாவில் ஏற்றித் தருவார். சி-60 என்றால் பக்கத்துக்கு 30 நிமிடம், நாலரை நிமிடப் பாட்டு ஆறு. சி-90-ல் ஒன்பது, பத்து வரும். ஆனால் அதன் நாடா மெலிது, பழைய டெக்கில் இழுபட்டுச் சுருதி அலையும். இங்கே வெளியீடு என்று எதுவும் இல்லை. ஒரு ஆளுக்கு ஒரு படி.

இரண்டாவது, வெளிவந்த கேசட்டை ஆயிரக்கணக்கில் நகலெடுத்து வேறு அட்டையில், பெரும்பாலும் பல படப் பாட்டுகளைச் சேர்த்து விற்பது. மூன்றாவது, அட்டை, முத்திரை, எழுத்துரு எல்லாவற்றையும் அப்படியே அச்சடித்து அசல்போல விற்பது. கவுன்டர்ஃபீட் என்பது இது மட்டுமே. நான்காவது, கச்சேரியில் அனுமதியின்றிப் பதிவுசெய்து பரப்புவது. பூட்லெக் இதுதான், ஏனென்றால் இங்கே அசல் வெளியீடே கிடையாது. ஐந்தாவது, பாட்டை எம்பி3 கோப்பாகச் சுருக்கிப் பரப்புவது.

படத்தில் காட்ட இரண்டு கணக்குகள் சொல்கிறேன். நாடாவில் ஒவ்வொரு நகலும் தன் இரைச்சலைச் சேர்க்கும். அதே தரமுள்ள நாடாவுக்கு ஒருமுறை மாற்றினாலே இரைச்சல் சுமார் 3 டெசிபல் ஏறும். மூன்றாம் தலைமுறை நகலில் ஜால்ராவும் தம்புராவின் ஜீவாளியும் (தந்தியின் ரீங்காரம்) மங்கிவிடும். எம்பி3 நொடிக்கு 128 கிலோபிட் என்றால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 எம்பி (மெகாபைட்). 700 எம்பி குறுந்தட்டில் 12 மணி நேரம், அதாவது ஏறக்குறைய 160 பாட்டு. இழப்பு முதல்முறை சுருக்கும்போது மட்டும்தான். அதன்பின் ஆயிரமாவது நகலும் முதல் நகலும் ஒன்றே. நாடாவுக்கு இருந்த இயற்கையான வேகத்தடை போனது இங்கேதான். இணையத்தில் பாட்டுக் கோப்புகளைப் பகிர உதவிய நாப்ஸ்டர் 1999-ல் வந்து 2001-ல் நீதிமன்ற ஆணையால் நின்றும் பழக்கம் நிற்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

‘கள்ளப்படி’யில் சிக்கல்: காதால் கேட்பவருக்கு அரிசிக்கடையில் அளவு குறைத்த படிதான் தோன்றும். அகவிலைப்படி, சொன்னபடி, மாடிப்படி என்று ‘படி’க்கு ஏற்கெனவே வேலை அதிகம்.

வ.ந. எழுதியது:

சட்டப் பக்கத்திலிருந்து சில குறிப்புகள்.

1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் எதைக் குற்றம் என்கிறதோ அதற்குப் ‘பைரசி’ என்று பெயர் வைக்கவில்லை. 51-ஆம் பிரிவு மீறலைப் பேசுகிறது. 63-ஆம் பிரிவு தண்டனை: 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். அனுமதியற்ற நகலுக்குச் சட்டம் தரும் பெயரைத் தமிழில் ‘மீறல் படி’ எனலாம். 52ஏ பிரிவு, ஒலிப்பதிவைத் தயாரித்தவர் பெயரும் முகவரியும், உரிமையாளர் விவரம், முதல் வெளியீட்டு ஆண்டு ஆகியவை அட்டையில் இருக்க வேண்டும் என்கிறது. பழைய கேசட் அட்டையைப் படமெடுக்கும்போது அந்த வரிகளை நெருக்கத்தில் காட்டச் சொல்லுங்கள். இரண்டாம் வகைக்கும் மூன்றாம் வகைக்கும் வேறுபாடு அங்கேதான் கண்ணுக்குத் தெரியும். தமிழ்நாட்டுக் குண்டர் சட்டத்தில் 2004-ல் வீடியோ பைரசி செய்பவர்களையும் சேர்த்தார்கள். அது விசாரணைக்கு முன்பே அடைத்துவைக்கும் சட்டம். ஒருவரைக் குறிக்கும் சொல்லுக்கு எவ்வளவு எடை உண்டு என்று மாணவர்கள் இதிலிருந்து உணரலாம்.

எழுத்துப்படியில் ஒரு பிழை இருக்க வாய்ப்பு உண்டு. ‘இதனால் இசையமைப்பாளரின் உரிமை பறிபோனது’ என்று கேசட் காலத்தைப் பற்றி எழுதியிருந்தால் திருத்துங்கள். 1977-ல் உச்ச நீதிமன்றம், மாறான ஒப்பந்தம் இல்லாவிட்டால் படத்துக்காக எழுதி வாங்கிய இசைக்கும் பாட்டுக்கும் தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் என்றது. பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் பறிக்க முடியாத பங்கு 2012 திருத்தத்தில்தான் வந்தது. எனவே கள்ளக் கேசட்டால் நேரடியாக இழந்தவர்கள் தயாரிப்பாளரும் இசை நிறுவனமும். பாட்டைச் செய்தவர்கள் பலருக்கு அசல் கேசட் விற்றாலும் பங்கு வரவில்லை. இதைச் சொல்லாமல் படம் முழுமையாகாது.

கவர் வெர்ஷனை (வெளிவந்த பாட்டை வேறொருவர் புதிதாகப் பாடிப் பதிவுசெய்வது) பைரசிக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதற்குச் சட்டமே வழி தந்திருக்கிறது. இப்போது 31சி பிரிவின்படி மூலப்பதிவு வந்து ஐந்து ஆண்டு கழிய வேண்டும், ஆண்டுக்கு ஒவ்வொரு பாட்டுக்கும் குறைந்தது 50,000 பிரதிக்கான ராயல்டி முன்பணமாகத் தர வேண்டும்.

ராயல்டியை ராயல்டி என்றே விடுங்கள். ‘உரிமைத்தொகை’ நல்ல சொல்தான். ஆனால் 2023-க்குப் பிறகு தமிழ்நாட்டில் அதைக் கேட்டால், மகளிருக்கு மாதம் 1,000 ரூபாய் என்று அந்த ஆண்டு தொடங்கிய அரசுத் திட்டம்தான் நினைவுக்கு வரும்.

யா.சி. எழுதியது:

ம.செ. அக்கா, கு.வே. ஐயா, வணக்கம். இலங்கையிலிருந்து எழுதுகிறேன்.

‘கள்ள’ என்ற அடை குறித்து ஒரு மறுப்பு. இங்கே ‘கள்ளத்தோணி’ என்பது அகராதிச் சொல் மட்டுமில்லை. 1948 குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கிய மலையகத் தமிழரை இழிக்க எறிந்த சொல் அது. அனுமதித் தாள் இல்லாத எதற்கும் ‘கள்ள’ போடும் பழக்கம் எங்களுக்கு உறுத்தும். பட்டியல் வாங்கிப் பாட்டு ஏற்றித் தந்த சிறு கடைக்காரரையும், தொழிற்சாலை வைத்து அடித்தவரையும் ஒரே ‘கள்ள’வில் அடைக்கலாமா?

‘உரிமமற்ற படி’ என்று சொல்லுங்கள். நிகழ்ந்ததை மட்டும் சொல்லும், தீர்ப்பை முன்கூட்டிச் சொல்லாது. தமிழ்நாட்டில் அறிவுசார் சொத்துரிமை என்பதை நாங்கள் புலமைச் சொத்து என்கிறோம். குறுந்தட்டு எங்களுக்கு இறுவட்டு. சொல் கடல் தாண்டிப் போகும் என்பதையும் எண்ணுங்கள்.

கு.வே. எழுதியது:

மலையக மக்கள் பட்ட வலியை மதிக்கிறேன். ஆனாலும் ‘கள்’ என்ற வேரை அதற்காகக் கைவிட மனம் வரவில்லை. குறளின் 29-ஆம் அதிகாரம் கள்ளாமை. தொல்காப்பியத்தில் களவியல் காதலைப் பேசுகிறது. மறைவு என்ற பொருளும் அந்த வேருக்கு உண்டு, இழிவு மட்டும் இல்லை. பொருநராற்றுப்படையில் பாலை யாழின் இன்னிசை ‘ஆறலை கள்வர் படைவிட’ச் செய்கிறது. வழிப்பறிக்காரர் ஆயுதத்தைக் கீழே போடும் அளவுக்கு இசை! இந்தப் படத்துக்கு இதைவிட நல்ல தொடக்கம் உண்டா?

நிரை கவர்தலையும் (பகைவரின் மாட்டு மந்தையைக் கவர்வது) நினைத்துப் பாருங்கள். வெட்சியார் மாட்டைக் கவர்ந்தால் தொழுவம் வெறுமையாகும், கரந்தை சூடிப் போய் மீட்கலாம். பாட்டைப் படியெடுத்தால் உரியவரிடமும் பாட்டு இருக்கிறது. மீட்க எதுவும் இல்லை. ஆகவே ‘கொள்ளை’, ‘திருட்டு’ இரண்டுமே பொருந்தவில்லை. மறைவாகச் செய்ததைச் சொல்லும் ‘கள்ள’வே பொருந்துகிறது. ‘படி’ தடுக்கிறது என்றால் ‘கள்ளப்பதிப்பு’ என்போம். புத்தக உலகில் அது வழக்கில் உண்டு. பதிப்புரிமையோடும் உறவு நிற்கும்.

தூய்மை விரும்புவோர்க்கு ‘வௌவுபதிப்பு’ என்றும் ஒன்று வைக்கிறேன்.

தி.ரா. எழுதியது:

‘வௌவு’ ஒலிப்பதிவில் நிற்காது ஐயா. வகரம் இரண்டு அடுத்தடுத்து வந்தால் மைக்கில் கம்மலாகக் கேட்கும். பின்னணி இசையும் சேர்ந்தால் பொருள் போய்விடும்.

‘கள்ளப்பதிப்பு’ இரண்டாம் வகைக்குச் சரி. கவுன்டர்ஃபீட்டுக்குப் ‘போலிப் பதிப்பு’. ‘போலி’ எல்லோருக்கும் தெரியும். பூட்லெக்குக்கு ‘மறைபதிவு’. அங்கே பதிப்பு இல்லை, பதிவுதான். ஆனால் செல்போன் கடையில் மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தருவது எந்தப் பதிப்பு? ‘ஏற்றுதல்’ என்றுதான் கடையிலும் சொல்வார்கள். அந்தச் சொல்லையே வைக்கலாம்.

ஸ்ட்ரீம் ரிப்பிங்குக்கு ‘ஓடை உரித்தல்’ என்று யாராவது எழுதுவதற்குள் சொல்லிவிடுகிறேன்: ஓடையை உரிக்க முடியாது. நடப்பது என்னவென்றால், கேட்பதற்காக மட்டும் ஓடும் பாட்டைக் கோப்பாக இறக்கி வைத்துக்கொள்வது. அதற்குச் சொல் வேண்டாம், ஒரு வாக்கியம் போதும்.

மாணவர்கள் கவனிக்க: படத்தில் பாட்டுத் துணுக்கு சேர்த்தால் இரண்டு அனுமதி வேண்டும், பாட்டுக்கு ஒன்று, பதிவுக்கு ஒன்று. 30 நொடிவரை எடுக்கலாம் என்பது சட்டத்தில் இல்லாத நம்பிக்கை. யூடியூபில் ஏற்றினால் தானியங்கிச் சோதனை அதைவிடக் குறைந்த துணுக்கையும் பிடிக்கும். நாடா இரைச்சலைக் காட்ட, மாணவர்களே தம்புரா மீட்டிப் பதிவுசெய்து, அதைக் கேசட்டில் மூன்று தலைமுறை நகலெடுத்துச் சேர்க்கட்டும். சுருதிக்கு அடியில் இரைச்சல் ஏறுவது தெளிவாகக் கேட்கும்.

வ.ந. எழுதியது:

தி.ரா. சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். பேட்டிக் கேள்வியில் மட்டும் ‘கள்ள’ வேண்டாம். கேமரா முன் ஒருவரிடம் ‘நீங்கள் கள்ளப்பதிப்பு விற்றீர்களா’ என்று கேட்பது, குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொல்வது. ‘கம்பெனி அனுமதி இல்லாமல் ஏற்றிக் கொடுத்த பாட்டு’ என்று கேளுங்கள். பதில் வரும்.

ம.செ. எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேரம் இல்லாததால் இப்படி முடித்திருக்கிறோம்.

பின்னணிக் குரலில் தொழிற்சாலை நகலுக்குக் ‘கள்ளப்பதிப்பு’, 7 இடங்கள். ‘போலிப் பதிப்பு’ 3, ‘மறைபதிவு’ 2. ரெக்கார்டிங் சென்டரும் மெமரி கார்டும் வரும் 5 இடங்களில் ‘ஏற்றித் தருதல்’, அடையில்லாமல். மீதி 2 இடத்தில் பொதுச்சொல் தேவைப்பட்டது, ‘பைரசி’ என்றே விட்டுவிட்டோம். பேட்டிகளில் வ.ந. சொன்ன முறை. 1977 தீர்ப்பைப் பற்றிய வரிகளுக்காக முதல் வரைவிலிருந்த இரண்டு பத்திகளை நீக்கினோம்.

யா.சி. எழுதியது:

பாட்டு ஏற்றித் தந்த கடைக்காரருக்கு அடை விலகியது ஆறுதல். ஆனால் படத்தின் பெயர்ப்பலகையில் ‘கள்ளப்பதிப்பு’ என்று வருமானால் என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். ‘உரிமமற்ற பதிப்பு’ 32 எழுத்துக்குள் அடங்குகிறது, எண்ணிப் பார்த்தேன்.

கு.வே. எழுதியது:

அடங்கும். காதில் நிற்குமா? தலைப்பு முடிவாகாவிட்டால் ‘ஆறலை’ என்ற ஒற்றைச் சொல்லை மாணவர்களிடம் ஒருமுறை சொல்லிப் பாருங்கள் அம்மா. பொருநராற்றுப்படை 21, 22-ஆம் அடிகள்.