யூகே வந்த முதல் வருஷமே "திரும்பிப் போயிடலாமா"ன்னு தோணுதா? இந்த பிளேயர்களோட முதல் சீசனைப் படிங்க

போன வாரம் ஒரு தம்பி மெசேஜ் பண்ணியிருந்தாப்ல. லண்டன் வந்து ஏழு மாசம் ஆச்சாம், திங்கட்கிழமை காலைல ஆபீஸ்ல எல்லாரும் ஃபுட்பால் பேசுறாங்களாம், இவர் டீ கப்பைப் பிடிச்சுக்கிட்டு சும்மா நிக்கிறாராம், வேலையும் இன்னும் கைக்கு வரல, பேசாம ஊருக்கே போயிடலாமான்னு இருக்கு அண்ணேன்னு எழுதியிருந்தார். வீடு பாக்குறது, கவுன்சில் டாக்ஸ், ஜிபி ரெஜிஸ்டர் பண்றது எல்லாம் இங்க நிறைய பேர் நல்லா எழுதிட்டாங்க, அதனால நான் அந்தப் பக்கம் போகல. தம்பியோட ரெண்டு பிரச்சினைக்கும் எனக்குத் தெரிஞ்ச பதில் ஒண்ணுதான். வெளிநாட்டுலேர்ந்து இங்க வந்து பெரிய ஆளா ஆன பிளேயர்களோட கரியரை அவங்க வந்து இறங்குன நாள்லேர்ந்து படிங்க. யூட்யூப்ல கோல் தொகுப்பு பாத்தா அது தெரியாது, அதுல அடிச்ச கோல் மட்டும்தான் இருக்கும், அடிக்காம வீட்டுக்குப் போன சாயங்காலம் இருக்காது.

நான் வந்தது 2017 அக்டோபர். ஊர் தென்காசி பக்கம், கிரிக்கெட் தவிர வேற எதுவும் தெரியாது. ஊர்ல எட்டு வருஷம் வேலை பாத்த அனுபவம் இருந்தும் முதல் கம்பெனில ப்ரொபேஷனை மூணு மாசம் நீட்டிட்டாங்க, வேலை சுமார்னு சொல்லியிருந்தா கூட மனசு ஆறியிருக்கும், "மீட்டிங்ல நீங்க பேசவே மாட்டேங்குறீங்க"ன்னு சொன்னாங்க. நான் அப்போ ஹாலோவேல ஒரு வீட்டுல ஒத்தை ரூம்ல இருந்தேன், ஆர்சனல் கிரவுண்டைத் தாண்டித்தான் வீட்டுக்கு நடக்கணும். நாலு மணிக்கெல்லாம் இருட்டுற டிசம்பர் மாசம், அந்த லெட்டரை பைல வச்சுக்கிட்டு போறேன், ஸ்டேடியத்துக்கு வெளிய, ஆர்சனலோட பழைய ஸ்ட்ரைக்கர் தியரி ஹென்றி சிலை பக்கத்துல ஒரு பெரியவர் பேரனை நிக்க வச்சுட்டு, தம்பி எங்க ரெண்டு பேரையும் சேத்து ஒரு போட்டோ எடுத்துக் குடுங்கன்னு கேட்டார். எடுத்துக் குடுத்தேன். முழங்கால்ல சறுக்கிட்டு வந்து நிக்கிற மாதிரி சிலை அது, 2002-ல பக்கத்து ஏரியா எதிரி கிளப் டாட்டன்ஹாமுக்கு எதிரா சொந்தப் பக்கத்துலேர்ந்து பந்தைத் தள்ளிட்டு ஓடிப்போய் அடிச்ச கோலுக்கு அப்புறம் அவர் கொண்டாடுன விதம். ஒருவேளை என் மூஞ்சி அவ்வளவு வாடி இருந்துச்சோ என்னமோ, பெரியவர் போற போக்குல சொன்னார், "இந்தாளு வந்த புதுசுல எட்டு மேட்ச் ஒரு கோல் கூட அடிக்கல தெரியுமா"ன்னு.

அன்னிக்கு ராத்திரி தூங்காம உக்காந்து ஹென்றி கதை மொத்தத்தையும் படிச்சேன். 1998-ல இருபது வயசுல ஃபிரான்ஸுக்கு உலகக் கோப்பை ஜெயிச்சவர், அந்த டோர்னமென்ட்ல ஃபிரான்ஸ் டீம்லயே அதிகமா மூணு கோல் அடிச்சவர். அடுத்து இத்தாலில யுவென்டஸ் போனார், அங்க ஓரத்துல விங்ல ஆட விட்டாங்க, எடுபடல, ஏழெட்டு மாசத்துலயே கிளம்பி 1999 ஆகஸ்ட்ல ஆர்சனல் வந்தார். மொனாக்கோல இவரை சின்ன வயசுலயே ஆட வச்ச வெங்கர்தான் இங்க மேனேஜர், அவர் இவரை நடுவுல ஸ்ட்ரைக்கரா நிறுத்துனார். பல வருஷமா விங்லயே ஆடுன ஆளு, கோல் போஸ்டுக்கு முன்னாடி எங்க நிக்கணும், எப்போ திரும்பணும்னு அ ஆலேர்ந்து கத்துக்க வேண்டி வந்துச்சு. உலகக் கோப்பை மெடல் வச்சிருக்கிற ஆளுக்கே! செப்டம்பர்ல சவுத்தாம்ப்டன் போய் ஆடுன மேட்ச்ல சப்ஸ்டிடியூட்டா இறங்கித்தான் முதல் கோல் வந்துச்சு. அந்த சீசன் முடியுறப்போ மொத்தம் 26 கோல்.

அதுக்கப்புறம் நடந்தது ஊருக்கே தெரியும், 2003-04 சீசன்ல ஒரு லீக் மேட்ச் கூட தோக்காத டீம், நாலு தடவை கோல்டன் பூட் (லீக்ல அந்த சீசன் அதிக கோல் அடிச்சவருக்குக் குடுக்குற விருது), ஆர்சனலுக்கு மட்டும் 228 கோல், அந்த கிளப்புக்கு அதுவரைக்கும் அதிக கோல் அடிச்சிருந்த இயன் ரைட்டோட 185 ரெக்கார்டைத் தாண்டி எங்கயோ போயிட்டார். பழைய ஹைபரி கிரவுண்டோட கடைசி மேட்ச்ல விகனுக்கு எதிரா மூணு கோல் அடிச்சுட்டு குனிஞ்சு அந்தப் புல்லுக்கு முத்தம் குடுத்தார், அந்த வீடியோ பாத்தா எனக்கு இப்பவும் கண்ணு கலங்கும். 2011 டிசம்பர்ல சிலை திறந்தாங்க, அடுத்த மாசமே லோன்ல, அதாவது வேற கிளப்புலேர்ந்து கொஞ்ச நாளைக்கு மட்டும், திரும்பி வந்து லீட்ஸுக்கு எதிரா எஃப்ஏ கப்ல சப்ஸ்டிடியூட்டா இறங்கி கோல் அடிச்சார். வெளிய தன் சிலை நிக்குது, உள்ள ஆளு ஆடிட்டு இருக்காரு.

அதே கிளப்புல பெர்க்காம்ப்னு ஒரு ஹாலந்துக்காரர், 1995-ல வந்தவர், அவருக்கும் முதல் லீக் கோல் வர்றதுக்கு ஏழாவது மேட்ச் ஆச்சு, அதுவும் சவுத்தாம்ப்டனுக்கு எதிராத்தான். அவருக்கு ஃப்ளைட்ல ஏற பயம். வெளிநாட்டு மேட்ச்னா கார்ல போவார், போக முடியலன்னா விட்டுடுவார், அதை மறைக்கல, வெளிப்படையா சொல்லியே பதினோரு வருஷம் ஆடுனார். நம்மாளுங்க நிறைய பேர் தனக்கு என்ன முடியாதுன்னு மேனேஜர்கிட்ட சொல்லவே மாட்டோம், அதனால இவரைச் சொல்றேன்.

ஆனா நம்ம நிலைமைக்கு ரொம்பப் பக்கத்துல வர்றது சன் ஹியூங் மின் கதைதான், இவரைப் பத்தி கொஞ்சம் நிறையவே எழுதுறேன், பொறுத்துக்கோங்க. கொரியாலேர்ந்து பதினாறு வயசுல ஜெர்மனில ஹாம்பர்க் போனவர். அப்பாவும் ஃபுட்பால் பிளேயர்தான், காயத்தால சீக்கிரமே ஆட்டத்தை விட்டவர், பையனுக்கு மணிக்கணக்கா பந்தைத் தட்டிக்கிட்டே இருக்கிற பயிற்சி குடுத்தவர். ஜெர்மன் பாஷை கத்துக்கிட்டு, அங்கேயே ஒரு பேர் எடுத்துட்டு, 2015 ஆகஸ்ட்ல டாட்டன்ஹாம் வந்தார். முதல் சீசன் லீக்ல நாலே கோல். பாதி நேரம் பெஞ்ச். 2016-ல திரும்ப ஜெர்மனிக்கே போயிடுறேன்னு மேனேஜர் பொச்செட்டினோகிட்ட போய் நின்னார், அவர்தான் பேசி நிறுத்தி வச்சார். அடுத்த சீசன் எல்லாம் சேத்து 21 கோல்.

இதுல நான் கவனிச்சது என்னன்னா, அவர் இருந்தது மூணு பாஷைக்கு நடுவுல, அப்பா அம்மா லண்டன்ல கூடவே இருந்து பாத்துக்கிட்டாங்க, தலைக்கு மேல ராணுவ சர்வீஸ் கத்தி வேற. கொரியால ஆம்பளைங்க எல்லாரும் போயே ஆகணும். 2018 ஆசிய விளையாட்டுல தங்கம் ஜெயிச்சதாலதான் முழு சர்வீஸ்லேர்ந்து விலக்கு கிடைச்சது, ஜெயிக்கலன்னா கரியர்ல கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் போயிருக்கும். விலக்கு கிடைச்சும் 2020-ல ஜேஜு தீவுல மூணு வாரம் அடிப்படைப் பயிற்சி முடிச்சார். விசா தேதியை எண்ணிக்கிட்டே வேலை பாக்குற நமக்கு இது எப்படி இருக்கும்னு நல்லாப் புரியும். அதையெல்லாம் சுமந்துக்கிட்டே 2019 டிசம்பர்ல பர்ன்லிக்கு எதிரா தன் பெனால்டி பாக்ஸ் ஓரத்துலேர்ந்து தனியா ஓடிப்போய் ஒரு கோல், அந்த வருஷத்தோட சிறந்த கோலுக்கான புஸ்காஸ் விருது வாங்குனது அது, 2021-22-ல லிவர்பூல் சலாவோட சேந்து 23 கோலோட கோல்டன் பூட், பிரீமியர் லீக்ல 100 கோல் அடிச்ச முதல் ஆசியக்காரர். ஆனா கப்பு ஒண்ணும் கைக்கு வரல, பத்து வருஷம்! 2025 மே மாசம் பில்பாவோல மான்செஸ்டர் யுனைடெட்டை 1-0ன்னு ஜெயிச்சு ஐரோப்பிய கிளப்புகளுக்கான யூரோபா லீக் கப்பைத் தூக்குனப்போ அவர்தான் கேப்டன். அந்த சீசன் லீக்ல டாட்டன்ஹாம் 17-வது இடம், அதையும் சேத்தே சொல்லணும். ஆகஸ்ட்ல அமெரிக்கா கிளம்பிட்டார், டாட்டன்ஹாமுக்காக கொரியாவோட சோல் நகரத்துல ஆடுன கடைசி மேட்ச்ல அழுதுக்கிட்டே வெளிய வந்தார்.

இருந்தே ஆகணும்னு நான் சொல்ல வரலங்க, அதையும் சொல்லிடுறேன். சில சமயம் ஆளு சரியாத்தான் இருப்பான், இடம்தான் சரியா இருக்காது. டி புரூய்னான்னு ஒரு பெல்ஜியம்காரர், செல்சிங்கிற லண்டன் கிளப்புல லீக்ல மூணே மேட்ச் ஆடிட்டு 2014 ஜனவரில ஜெர்மனிக்குப் போயிட்டார், அதே மாசம் அதே கிளப்புக்கு சலா வந்து இறங்குறார், அவரும் அங்க நிலைக்கல, இத்தாலி போயிட்டார். டி புரூய்னா 2015-ல இங்கிலாந்துக்குத் திரும்பி வந்து மான்செஸ்டர் சிட்டில பத்து வருஷத்துல ஆறு லீக் பட்டம், 2019-20-ல 20 அசிஸ்ட் (மத்தவங்க கோல் அடிக்கப் பந்தைக் குடுக்குறது) குடுத்து ஹென்றியோட ரெக்கார்டைத் தொட்டார். சலா 2017-ல லிவர்பூல் வந்து முதல் சீசனே 32 லீக் கோல். அதனால முதல் கம்பெனி ஒத்து வரலன்னா வேற கம்பெனி பாருங்க, அதுக்காக நாடே ஒத்து வரலன்னு முடிவு பண்ணிடாதீங்க. நானும் அந்த மூணு மாசம் முடிஞ்சதும் ப்ரொபேஷன் பாஸ் ஆயிட்டு, ஒரு வருஷம் கழிச்சு மாறிட்டேன், புது இடத்துல என்னைப் பேச விட்டாங்க.

அப்படியும் ஒத்து வரலன்னா போறதுல தப்பே இல்ல. உருகுவேக்காரர் டியகோ ஃபோர்லான் 2002 ஜனவரில யுனைடெட் வந்தார், முதல் கோல் செப்டம்பர்லதான், அதுவும் பெனால்டி. 2004-ல ஸ்பெயின் போனார், அங்க கோலாக் குவிச்சு, 2010 உலகக் கோப்பைல சிறந்த பிளேயர் விருதே வாங்குனார். அவரை யாரும் தோத்துட்டுப் போனவர்னு சொல்றதில்ல, லிவர்பூலோட சொந்த கிரவுண்டு ஆன்ஃபீல்டுல அவங்களுக்கு எதிரா அவர் அடிச்ச ரெண்டு கோலை யுனைடெட் ஆளுங்க இன்னும் சந்தோஷமா பேசுவாங்க.

கீழ கமெண்ட்ல ஒரு அக்கா கேட்டிருக்காங்க, 36 வயசுல நர்ஸா வந்திருக்கேன், இதெல்லாம் இருபது வயசுப் பசங்க கதை தானேன்னு. அக்கா, நீங்க ஜேமி வார்டியைப் படிங்க. இங்கேயே ஷெஃபீல்டுல பொறந்தவர், உயரம் பத்தாதுன்னு பதினாறு வயசுல கிளப்புலேர்ந்து வெளிய அனுப்பிட்டாங்க, ஃபேக்டரில வேலை பாத்துக்கிட்டே வாரம் 30 பவுண்டுக்கு சின்ன கிளப்புல ஆடுனார். லெஸ்டர் வந்தப்போ 25 வயசு, அங்கேயும் முதல் சீசன் சரியாப் போகாம ஆட்டத்தையே விட்டுடலாம்னு யோசிச்சவர். 2015-16-ல தொடர்ந்து 11 மேட்ச்ல கோல், லெஸ்டருக்கு லீக் பட்டம், 33 வயசுல கோல்டன் பூட். 2025 மே மாசம் லெஸ்டருக்கு தன்னோட 500-வது மேட்ச்ல 200-வது கோல் அடிச்சு முடிச்சார்.

தம்பிக்கு இன்னும் ரெண்டு விஷயம். ஊர்ல எல்லா மேட்சும் லைவா வரும், இங்க சனிக்கிழமை மத்தியானம் 2:45-லேர்ந்து 5:15 வரைக்கும் எந்த மேட்சும் லைவ் டிவில வராது, பழைய விதி அது, உங்க டிவில கோளாறு இல்ல. ராத்திரி பிபிசில அன்னிக்கு நடந்த மேட்ச்களோட தொகுப்பு போடுற மேட்ச் ஆஃப் த டே பாத்தாலே திங்கட்கிழமை பேச்சுக்குப் போதும், ஆனா லைவ் டிவி எது பாத்தாலும், பிபிசியோட ஆன்லைன் ஐபிளேயர் பாத்தாலும் டிவி லைசென்ஸ் வேணும், மறந்துடாதீங்க. ஆபீஸ்ல தெரிஞ்ச மாதிரி பேசணும்னு அவசியம் இல்ல, "நீங்க நேர்ல பாத்ததுலயே பெரிய பிளேயர் யாரு"ன்னு ஒருத்தர்கிட்ட கேளுங்க, அவங்க அப்பா தோள்ல உக்காந்து பாத்த மேட்ச்லேர்ந்து ஆரம்பிப்பாங்க.

பிரீமியர் லீக் டிக்கெட் கிடைக்குறது கஷ்டம், விலையும் ஜாஸ்தி. நான் கிழக்கு லண்டன்ல இருக்கிற சின்ன கிளப் லேட்டன் ஓரியன்ட் மேட்சுக்குப் போவேன். பின்னாடி இங்கிலாந்து கேப்டன் ஆன ஹாரி கேன், 2011-ல பதினேழு வயசுல டாட்டன்ஹாம்லேர்ந்து லோன்ல வந்து ஆடுன கிரவுண்டு அது. ரெண்டு வருஷம் கழிச்சு லெஸ்டர்ல அந்தக் கேனும் வார்டியும் பக்கத்து பக்கத்துல சப்ஸ்டிடியூட் பெஞ்ச்ல உக்காந்திருந்தாங்க. சனிக்கிழமை ஃப்ரீயா இருந்தா ரெண்டு மணிக்கு லேட்டன் ஸ்டேஷன் வெளிய நில்லுங்க தம்பி, சென்ட்ரல் லைன், அங்கேர்ந்து நடந்தே போயிடலாம். குளிருக்கு ரெண்டு சாக்ஸ் போட்டுட்டு வாங்க, சிமெண்ட் தரைலேர்ந்துதான் குளிர் ஏறும்.